சவர்க்காரக் கரைசலை ஆராய்ந்த பேராசிரியர் மக்பேன்

கல்லூரி மலர்களிலே பெரியோர் வாழ்க்கை வரலாறுகள் இடம்பெறுவது நெடுநாளைய மரபு. சமயம் வளர்த்த சான்றோரும், நாட்டை நடத்திய தலைவரும், தமிழ் வளர்த்த புலவரும் இத்தகைய மலர்களிற் பன்முறை போற்றப்பட்டுள்ளனர், அது தக்கதே. இம்முறை நாம் எடுத்துக்கொண்டவரோ ஓர் இரசாயன அறிஞர். அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு ஆராய்ந்த பொருள் பொன்னுமன்று, மணியுமன்று. நாம் நாள்தோறும் கிணற்றடியிலே கையாளும் சவர்க்காரமே. பல்லேபொலவிலிருந்தும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலிருந்தும் வந்து பயின்ற பழைய மாணவரும், இன்று ஆய்வுகூடத்திலே நிற்கும் இளைஞரும், அவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியரும் ஒருங்கே அறிந்து மகிழத்தக்க வரலாறு இஃது என்பது எமது துணிபு.

ஜேம்ஸ் வில்லியம் மக்பேன் 1882ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 22ஆந் திகதி, கனடா நாட்டின் நியூ பிறன்சுவிக் மாகாணத்தைச் சேர்ந்த சதாம் என்னும் ஊரிற் பிறந்தார். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் முதற் பட்டமும் முதுமாணிப் பட்டமும் பெற்றபின், அக்காலத்திற் பௌதிக இரசாயனத்துக்குத் தாயகமாய் விளங்கிய ஜேர்மனிக்குச் சென்று, லைப்சிக்கிலும் ஹைடல்பேர்க்கிலும் பயின்றார். 1909இல் ஹைடல்பேர்க் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. அதற்கு முன்னரே, 1906இல், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துக் கல்லூரியில் விரிவுரையாளராக அமர்ந்திருந்தார். அதே ஆண்டிலேதான் அங்கு இரசாயனப் பேராசிரியராயிருந்த மொரிஸ் திராவர்ஸ் என்பார், பெங்களூரில் அமையவிருந்த இந்திய விஞ்ஞானக் கழகத்தின் முதற் பணிப்பாளர் பதவியை ஏற்றுப் பிரிஸ்டலை விட்டு நீங்கினார். திராவர்ஸ் நீங்கிய அவ்வாய்வுகூடத்துக்கு வந்துசேர்ந்த இளைஞரும் பிற்காலத்தில் இந்தியாவில் ஓர் ஆய்வுகூடத்தின் முதற் பணிப்பாளராவார் என்பதை அன்று எவரும் எண்ணியிரார்.

பிரிஸ்டலில் அவர் சவர்க்காரக் கரைசலை ஆராயத் தலைப்பட்டார். சவர்க்காரம் என்பது கொழுப்பமிலத்தின் சோடிய உப்பு அல்லது பொற்றாசிய உப்பு. நீரிற் கரைந்ததும் அது இரண்டாகப் பிரியும். ஒன்று நேரேற்றமுள்ள சோடிய அயன் அல்லது பொற்றாசிய அயன். மற்றது மறையேற்றமுள்ள கொழுப்பமில அயன். பின்னையதற்கு ஒரு தலையும் நீண்ட வாலும் உண்டு எனக் கொள்ளலாம். மின்னேற்றமுள்ள தலை நீரை விரும்பும். காபனும் ஐதரசனுமாகிய வால் நீரை வெறுத்து எண்ணெயை நாடும். இத்தகைய இரட்டை இயல்புடைய பொருள்களையே இன்று மேற்பரப்புத் தொழிற்படு பொருள்கள் என்கிறோம். சவர்க்காரம் அவற்றுள் மூத்தது.

இக்கரைசலிலே ஒரு புதிர் இருந்தது. மின்னோட்டத்தைச் செலுத்திப் பார்த்தால், அது நல்லதோர் உப்புக் கரைசலைப் போலவே மின்னைக் கடத்திற்று. மின் கடத்தப்படுமாயின் அயன்கள் நிறைய இருத்தல் வேண்டும். ஆயின், கரைந்துள்ள துணிக்கைகளை எண்ணுவதற்கு வேறொரு வழியும் உண்டு. நீரிற் கரைந்த ஒவ்வொரு துணிக்கையும், சிறிதாயினும் பெரிதாயினும், நீரின் ஆவியமுக்கத்தை ஒரே அளவாகக் குறைக்கும். அவ்வழியால் எண்ணியபோது துணிக்கைகளின் தொகை எதிர்பார்த்ததினும் மிகக் குறைவாய் இருந்தது. ஓர் அளவீடு அயன்கள் பல என்றது. மற்றோர் அளவீடு துணிக்கைகள் சில என்றது. இரண்டும் கவனமாகச் செய்யப்பட்ட அளவீடுகளே. ஆதலால் ஒன்றைப் பொய்யென்று தள்ளிவிட இயலவில்லை.

மக்பேன் இரண்டையும் மெய்யென ஏற்றுக்கொண்டார். அவற்றோடு பொருந்தாத பொது நம்பிக்கையையே கைவிட்டார். ஒரே வகை மின்னேற்றமுள்ள கொழுப்பமில அயன்கள் பல, தம் வால்களை ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டு, ஒரே கூட்டமாகத் திரண்டு நிற்கின்றன என்பது அவர் கண்ட முடிவு. அக்கூட்டத்தை மைசெல் என்று அழைத்தார். அது 19ஆம் நூற்றாண்டில் தாவரவியலறிஞர் நேகெலி வேறொரு பொருளிலே வழங்கிய சொல்.

இம்முடிவின் நுட்பத்தை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். பத்து அயன்கள் ஓர் உருண்டையாகத் திரண்டன எனக் கொள்வோம். துணிக்கைகளின் எண்ணிக்கையிலே பத்து, ஒன்றாகிவிட்டது. ஆகவே ஆவியமுக்கத்தின் குறைவு சிறிதாகின்றது. மின்னேற்றமோ பத்து மடங்கு. உருண்டையின் கனவளவு பத்து மடங்காயினும், அதன் ஆரை இரண்டு மடங்குக்குச் சற்றே மேற்பட்டது. நீர் தடுக்கும் தடை ஆரையைப் பொறுத்ததேயாம். இழுக்கும் விசை பத்து மடங்காகவும் தடை இரண்டு மடங்களவாகவும் இருத்தலின், கூட்டம் தனி அயனைவிட நான்கு மடங்குக்கு மேலான வேகத்துடன் செல்லும். எனவே மின் கடத்தல் குறையாது. இவ்வாறு இரு அளவீடுகளும் ஒன்றையொன்று மறுக்காமல் ஒரே உண்மையின் இரு பக்கங்களாயின.

1913ஆம் ஆண்டு இலண்டனில் பரடே சங்கத்தார் கூழ்ப்பொருள்களைப் பற்றிக் கூட்டிய கலந்துரையாடலில் மக்பேன் இக்கருத்தை வெளியிட்டார். ஒரே ஏற்றமுள்ளவை ஒன்றையொன்று தள்ளும் என்பது பள்ளிச் சிறுவனும் அறிந்த பாடம். அங்ஙனமிருக்க, அவை தாமே வந்து கூடும் என்ற கூற்று பலருக்கும் ஏற்கத் தகாததாய்த் தோன்றிற்று. இக்கருத்தை அவர் இலண்டன் அறிஞர் அவையொன்றில் எடுத்துரைத்தபோது, தலைமை வகித்தவர் ஒரே சொல்லால் அதனைப் பிதற்றலென ஒதுக்கினார் என்று ஒரு கதையும் இரசாயன அறிஞரிடையே வழங்கி வருகின்றது. மக்பேன் அவையிற் பட்ட அவமதிப்புக்கு அவையிலே விடை தேடவில்லை, ஆய்வுகூடத்துக்கே திரும்பினார். மில்லிசென்ற் ரெயிலர் அம்மையாரும் சல்மனும் பிறரும் அவரோடு உழைத்தனர். சவர்க்காரங்கள் நன்கு கரையும் பொருட்டு 90 பாகை வெப்பநிலையில் அளவீடுகள் செய்யப்பட்டன. பனிபடுநிலை எவ்வளவு தாழ்கின்றதென்று பார்த்து ஆவியமுக்கத்தை அறியும் முறை கையாளப்பட்டது. 1920இல் வெளியான கட்டுரைகள் அம்முடிவை நிலைநாட்டின.

1919இல் அவர் பிரிஸ்டலில் லீவர்ஹியூம் பெயரால் அமைந்த பௌதிக இரசாயனப் பேராசிரியர் பதவிக்கு முதல்வராக நியமிக்கப்பட்டார். லீவர்ஹியூம் பிரபு என்பார் சன்லைட் சவர்க்காரத்தை உலகெங்கும் பரப்பிய வணிகரே. எமது நாட்டுக் கடைகளிலும் வீடுகளிலும் தலைமுறை தலைமுறையாக அறியப்பட்ட அச்சவர்க்காரத்தின் பெருஞ்செல்வம், சவர்க்காரத்தின் உள்ளியல்பை ஆராயும் பீடமொன்றைத் தாங்கிற்று என்பது நினைவு கூரத்தக்கது. 1923இல் அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1939இல் தேவி பதக்கத்தையும் வழங்கியது.

1920ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் மக்பேன் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, 1947இல் ஓய்வு பெறும்வரை ஆங்குப் பணியாற்றினார். திண்பொருள்கள் வாயுக்களை எவ்வாறு ஈர்த்துக்கொள்கின்றன என்பதும் அவருக்கு உவப்பான துறை. பக்கர் என்பவரோடு சேர்ந்து, மெல்லிய குவார்ட்சுச் சுருளிலே பொருளைத் தொங்கவிட்டு, அச்சுருள் நீளும் அளவால் நிறைமாற்றத்தை அறியும் தராசொன்றை 1926இல் அமைத்தார். ஹம்பிரீஸ் என்பவருடன் 1932இல் நடத்திய சோதனையோ வியப்புக்குரியது. கரைசலின் மேற்பரப்பிலே கரைபொருள் எவ்வளவு செறிந்திருக்கும் என்பதை அமெரிக்க அறிஞர் கிப்ஸ் 19ஆம் நூற்றாண்டிலே கணக்கால் மாத்திரம் சொல்லியிருந்தார். மக்பேன் விரைந்தோடும் கத்தியொன்றால் நீரின் மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீற்றர் அளவான ஏட்டைச் சீவியெடுத்துச் சோதித்தார். தச்சர் மரத்தை இழைப்பதுபோல நீரை இழைத்தார் என்னலாம். கிப்ஸ் அவர்களின் கணக்கு மெய்யாயிற்று.

பெரியோர் வரலாற்றை எழுதுவோர் அவர்தம் வெற்றிகளை மட்டும் அடுக்கி விடுதல் உண்டு. அது மாணவருக்கு நன்மை தருவதன்று. மைசெல்கள் இருவகை என்பது மக்பேன் கொண்டிருந்த கொள்கை. சிறிய உருண்டை ஒருவகை. வால்கள் அருகருகே அடுக்கப்பட்ட, மின்னேற்றம் குன்றிய பெருந் தட்டு மற்றொருவகை. ஆங்கில அறிஞர் ஹார்ட்லி 1936இல், செறிவு குறைந்த கரைசல்களுக்கு உருண்டை வடிவம் ஒன்றே போதுமென்றும், எதிரயன்கள் பல அதன் மேற்பரப்பிலே ஒட்டி நிற்பதால் அளவீடுகள் யாவும் விளங்குமென்றும் காட்டினார். அறிஞருலகம் இவ்விடயத்தில் ஹார்ட்லியின் பக்கமே சாய்ந்தது. மக்பேன் தம் கொள்கையை எளிதில் விட்டாரல்லர். செறிவு மிகுந்த கரைசல்களில் கோல்களும் தட்டுக்களும் தோன்றுதல் உண்மையே. எனினும் அவர் கூறிய இடத்தில் அவை வேண்டப்படவில்லை. அளவீட்டைக் கொண்டு அவையினரை வென்றவரை, அளவீட்டைக் கொண்டே பிறரொருவர் திருத்தினார். அறிவியலில் நடுவராயிருப்பது ஆளன்று, அளவீடே என்பதற்கு இவரது வாழ்க்கையின் இரு பகுதிகளும் சான்றாம்.

ஓய்வு பெற்ற இருவருடத்தில், தமது 67ஆம் வயதில், அவர் இந்தியாவுக்கு வந்தார். சுதந்திரம் பெற்ற இந்தியா தன் தொழில்களுக்கு வேண்டிய ஆய்வுகூடங்களை அமைத்துக்கொண்டிருந்த காலம் அது. அப்பணிக்குத் தலைமை தாங்கிய சாந்தி சுவரூப் பட்நாகரும், இளமையில் இலண்டனிலே எண்ணெயும் நீரும் கலந்த பால்மங்களை ஆராய்ந்து பட்டம் பெற்றவரே. பூனாவில் எழுந்த தேசிய இரசாயன ஆய்வுகூடத்தின் முதற் பணிப்பாளராக மக்பேன் 1949இல் பொறுப்பேற்றார். 1950ஆம் ஆண்டு சனவரி மாதம் 3ஆந் திகதி பிரதமர் நேரு அவர்கள் அதனைத் திறந்து வைத்தார். ஆய்வில் அவர்க்குத் துணைநின்று தாமும் கட்டுரைகள் எழுதிய மனைவியார் மேரி எவலின் லெயிங் மக்பேனும் இரசாயன அறிஞராவார். 1952வரை அப்பதவியிலிருந்து, புதிய கட்டடத்தை உயிருள்ள ஆய்வுகூடமாக்கும் தொடக்கப் பணியை மக்பேன் ஆற்றினார். அவர்க்குப்பின் ஃபிஞ்சு என்பாரும், 1957இலிருந்து சென்னையிற் பிறந்த சாய இரசாயன அறிஞர் கே. வெங்கட்டராமன் அவர்களும் அப்பதவியை வகித்தனர். வெங்கட்டராமன் அவர்களே அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர்.

மக்பேன் 1953ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 12ஆந் திகதி, எழுபத்தொரு வயது நிறையப் பத்து நாள்கள் எஞ்சியிருக்கக் காலமானார். நீரிற் கரையாத பொருள்களை மைசெல்கள் தம்முள்ளே ஏற்றுக் கரையச் செய்யும் இயல்பைப் பற்றிய நூலொன்றை அவர் மனைவியார், ஹட்சின்சன் என்னும் அறிஞருடன் சேர்ந்து 1955இல் வெளியிட்டார்.

அவர் மறைந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாயின. அவர் காட்டிய மைசெல் இன்று எத்தகைய ஆராய்ச்சிக்குத் துணையாகின்றதென்பதை ஒரு துறையைக் கொண்டு விளக்குவோம். எமது உடலின் புரதங்கள் அமினோ அமிலங்களாலானவை. ஒவ்வோர் அமினோ அமிலத்திலும் நைதரசனுடைய அமினோத் தொகுதியும், ஒட்சிசனுடைய அமிலத் தொகுதியும் உள்ளன. செம்பு அயனொன்று எதிர்ப்பட்டால், அமினோ அமிலம் நைதரசனை ஒரு கொடுக்காகவும் ஒட்சிசனை மறு கொடுக்காகவும் கொண்டு, நண்டு பற்றுவதுபோல் அதனைப் பற்றிக்கொள்ளும். இதனைக் கொடுக்கிணைப்பு என்பர். பற்றின் வலிமையைத் தெரிவிப்பது உறுதி மாறிலி என்னும் எண். கோப்பன்ஹேகனில் யானிக் பியெரும் 1941இல் வெளியிட்ட ஆய்வு அதனைக் காணும் வழியை வகுத்தது. கரைசலுக்குச் சிறிது சிறிதாகக் காரம் சேர்த்து, அமிலத்தன்மை மாறுவதை அளந்துகொண்டு சென்றால், உலோகம் பற்றப்படும்போது வெளியேறும் ஐதரசன் அயன்களின் கணக்கு வெளிப்படும். அதிலிருந்து மாறிலி பெறப்படும். மிகச் சிறிய அமினோ அமிலமாகிய கிளைசின், செம்பை நாகத்தைக் காட்டிலும் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வலிமையாகப் பற்றும். கோபாற்று, நிக்கல், செம்பு என இவ்வலிமை ஏறிச் சென்று நாகத்தில் இறங்கும் ஒழுங்கை ஏர்விங்கும் வில்லியம்சும் 1948இல் எடுத்துக்காட்டினர்.

இம்மாறிலிகள் வெறும் ஏட்டுக் கணக்கல்ல. எமது இரத்தத்திலே செம்பின் சிறு பகுதி ஹிஸ்ரிடின் என்னும் அமினோ அமிலத்தோடு பிணைந்து உலவுகின்றது. செம்பை உடல் உரியவாறு ஏற்கவொட்டாத மெங்கீஸ் என்னும் கொடிய பிறவி நோயுடைய குழந்தைகளுக்கு, அதே பிணைப்பைப் பிறந்த சில நாள்களிலே ஊசிமூலம் செலுத்திச் சிலரைக் காத்திருக்கின்றனர்.

ஆயினும் உடலினுள்ளே தூய நீர் எங்குமில்லை. கொழுப்பாலாகிய உயிரணு மென்சவ்வுகளின் அருகிலும், புரதங்களின் எண்ணெய்த் தன்மையுள்ள குழிகளிலும்தான் உலோகமும் அமினோ அமிலமும் சந்திக்கின்றன. அந்நிலையை ஆய்வுகூடத்தில் ஓரளவு ஒத்துக் காட்டுவது மைசெல். சோடியம் தொடெசில் சல்பேற்று என்னும் பொருளை எடுத்துக்கொள்வோம். தூய நீரில், அறை வெப்பநிலையில், லீற்றருக்கு ஏறத்தாழ 2.3 கிராம் என்ற அளவைக் கடந்ததும், அதன் அயன்கள் அறுபதளவாகக் கூடி மைசெல்லாகும். மைசெல்லின் மேற்பரப்பு மறையேற்றமுடையது. ஆகவே நேரேற்றமுள்ள உலோக அயன்கள் அதனருகே குவியும். மின்னேற்றங்களின் ஈர்ப்பை நீர் தணிப்பதுபோல அவ்வெல்லைப்புறம் தணிப்பதில்லை. ஆதலின் அங்கே பிணைப்பு வலுக்கவும் கூடும். மற்றொருபுறம், மைசெல்லே உலோக அயனை ஈர்த்து வைத்துக்கொண்டு அமினோ அமிலத்தோடு போட்டியிடவும் கூடும். மேற்பரப்பு நேரேற்றமுடையதாயின் உலோகம் விலக்கப்படும்; ஏற்றமேயில்லாததாயின் எண்ணெய்த் தன்மை மட்டுமே செயற்படும். இவற்றுள் எது மேலோங்கும் என்பதைச் சிந்தனையால் மட்டும் முடிவு செய்ய இயலாது. அளந்தே அறிதல் வேண்டும்.

விசாகப்பட்டினத்தில் உள்ள ஆந்திரப் பல்கலைக்கழகத்தார் இவ்வாறு அளந்தவருள் குறிப்பிடத்தக்கவர். கோபாற்று, நிக்கல், செம்பு முதலிய உலோகங்கள் பல்வேறு அமினோ அமிலங்களோடு பிணைவதை, மூவகை மேற்பரப்புத் தொழிற்படு பொருள்களின் கரைசல்களிலும், அப்பொருள்களின் விகிதத்தைப் படிப்படியாக மாற்றி ஆராய்ந்து, கணினியின் துணைகொண்டு உறுதி மாறிலிகளைக் கணித்துள்ளனர். பயன்படுத்திய அடிப்படைக் கருவி பாடசாலை ஆய்வுகூடத்திலும் காணத்தக்க அமிலமானியும் அளவியுமே. மக்பேன் முதற் பணிப்பாளராயிருந்த அதே நாட்டில், அவர் கண்ட மைசெல்லைக் கொண்டு இவ்வாய்வு நடந்தது பொருத்தமுடையதே.

இவையெல்லாம் தொலைவிலுள்ள செய்திகள் என்று எமது மாணவர் எண்ணற்க. மாத்தளை மாவட்டத்தின் நிலத்தடியே பளிங்குச் சுண்ணக்கல்லும் தொலமைற்றும் பட்டை பட்டையாகச் செல்கின்றன. அத்தகைய பாறையைத் தழுவி ஊறும் கிணற்று நீரிலே கல்சியமும் மகனீசியமும் மிகுந்திருக்கும். அந்நீரிற் சவர்க்காரம் எளிதில் நுரைப்பதில்லை. வெண்ணிறத் திரையாகப் படியும். உலோக அயன்கள் சவர்க்கார அயன்களைப் பற்றிக் கரையாப் பொருளாக்கிவிடுவதே அதன் காரணம். நீரின் வன்மையை அளப்பதற்கு மாணவர் ஆய்வுகூடத்தில் ஈ.டீ.ரீ.ஏ. என்னும் பொருளைக் கையாள்கின்றனர். சூரிச்சு நகரத்துச் சுவார்சன்பாக் 1940ஆம் ஆண்டுகளில் இம்முறையை வகுத்தார். அப்பொருளின் கைகள் கிளைசினின் அமைப்பை ஒத்தவை. நைதரசனாலும் ஒட்சிசனாலும் கல்சியத்தைப் பற்றுபவை. உலோக அயனும், அமினோ அமிலத்தின் உறவான கொடுக்கும், சவர்க்காரமும் ஆகிய மூன்றும் கற்பனைப் பொருள்களல்ல. பல்லேபொலப் பகுதி மாணவனொருவன் தன் ஊர்க் கிணற்று நீர் ஒரு போத்தலை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்தால், அவன் மேசைமீதே அவை மூன்றையும் சந்திக்க வைக்கலாம். தன் வீட்டு நீரின் வன்மையைத் தானே அளந்தறிதல் அவனுக்கும் அவன் அயலாருக்கும் பயன்தரும் செயலுமாகும்.

மக்பேன் அவர்கள் சவர்க்காரக் கரைசலிலே கண்டது, இரு நேர்மையான அளவீடுகள் தம்முள் முரண்பட்டபோது பிறந்தது. வசதியான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மறைத்திருந்தால் புதிர் தீர்ந்ததுபோலத் தோன்றியிருக்கும். உண்மை மறைந்தே போயிருக்கும். பரிசோதனைக் குறிப்பேட்டிலே எதிர்பார்த்த விடை வராதபோது அதனை அழித்து எழுதும் ஆசை மாணவர்க்கு உண்டாதல் இயல்பு. அவ்வேளையில் இவ்வறிஞரை அவர்கள் நினைத்தல் வேண்டும். வந்த எண்ணை வந்தவாறே எழுதி, அது ஏன் வந்தது என்று ஆசிரியரிடம் கேட்கும் மாணவரே எமது கல்லூரிக்குப் பெருமை சேர்ப்பவர். அத்தகையோர் இவ்விழா ஆண்டிலும் இனிவரும் ஆண்டுகளிலும் எமது ஆய்வுகூடத்திலிருந்து பலராய்த் தோன்றுக என வாழ்த்தி அமைகின்றோம்.